'புற்றுநோய் இல்லை' என்றதும் மறந்துவிடக் கூடாத கட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் மருத்துவப் பக்கத்தில் வாய்ப்புற்றுநோய் பற்றி எழுதியிருந்தீர்கள். புற்றுநோய் அல்லாத ஒரு தாடைக் கட்டியைப் பற்றியும் எழுத வேண்டும். என் கணவருக்கு வந்தது அதுதான்: அமிலோபிளாஸ்டோமா.

அப்போது அவருக்கு 36 வயது. இடது கடைவாய்ப் பக்கம் தாடை லேசாகப் புடைத்தது. வலி துளியும் இல்லை. சவரம் செய்யும்போது பிளேடு ஒரு மேட்டில் ஏறி இறங்குகிறது என்பார். பிறகு கடைவாய்ப் பல் ஆடியது. ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரேகூட எடுக்காமல் பிடுங்கி, வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அடுத்த பல்லும் ஆடியது. அப்புறம்தான் வேறொரு மருத்துவர் முழுத் தாடையையும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக இருந்தது.

சதை எடுத்துச் சோதித்துவிட்டு, புற்றுநோய் இல்லை என்றார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். சரி, முடிந்தது என்று மறுபரிசோதனைக்கே போகவில்லை. நாலாவது வருடம் திரும்ப வந்தது.

பல்லின் எனாமலை உண்டாக்கும் திசுவின் வழியில் முளைக்கும் கட்டியாம். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருக்கும் எலும்பை அரித்துக்கொண்டே போகும். படத்தில் தெரியும் எல்லையைத் தாண்டியும் எலும்புக்குள் ஊடுருவியிருக்கும். அதனால்தான் சுரண்டினால் போதவில்லை. சுற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது. காலின் வெளிப்பக்கத்துச் சிறிய எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து, தாடையாக வைத்துப் பொருத்தினார்கள். தாடைக்குள் ஓடும் நரம்பும் போய்விட்டதால் இடதுபக்கக் கீழுதட்டில் இன்றும் உணர்ச்சி கிடையாது. மோர்சாதம் ஒழுகினால் அவருக்குத் தெரியாது. நான் கண்ணைக் காட்டுவேன், துடைத்துக்கொள்வார். பிள்ளைகள் முன்னால் அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பல் மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரணமில்லாமல் பல் ஆடினால், பிடுங்கும் முன் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். 'புற்றுநோய் இல்லை' என்று சொல்லும்போதே, பத்து வருடம் கழித்தும் இது திரும்ப வரலாம், தவறாமல் வந்து காட்டுங்கள் என்பதையும் சொல்லுங்கள். எங்களுக்கு யாராவது அப்படி அழுத்திச் சொல்லியிருந்தால் ஆறாவது மாதமே போய் நின்றிருப்போம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கோவில்பட்டி.