வேர்முடிச்சு வேறு, நைட்ரோபிளாஸ்ட் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் நைட்ரோபிளாஸ்ட் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கடல்பாசி ஒன்றின் செல்லுக்குள் தழைச்சத்து தயாரிக்கத் தனி உறுப்பே இருக்கிறது என்ற செய்திக்குத் தமிழில் இவ்வளவு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. முப்பது வருடம் மேல்நிலை வகுப்புக்குத் தாவரவியல் எடுத்தவள் நான். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்குவது பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களின் வேலை, நியூக்ளியஸ் உள்ள யூகேரியோட் செல்லால் அது ஆகாது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். 2024 ஏப்ரலில் சயின்ஸ் இதழில் வெளியான ஆய்வு அந்த வரியைத் திருத்தி எழுத வைத்துவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் ‘மல்லாட்டை (நிலக்கடலை) வேரில் நடப்பதுதான் இந்தப் பாசிக்குள்ளும் நடக்கிறது’ என்று கட்டுரை சொல்வது சரியல்ல.

எங்கள் ஊரில் மல்லாட்டைக் கொல்லைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவேன். நாற்பது நாள் செடியை மண்ணோடு தோண்டியெடுத்து வாளித் தண்ணீரில் அலசினால், கிளைவேர் பிரிகிற இடங்களில் கடுகு கடுகாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தருகிற நிறம் அது. முடிச்சுக்குள் வாழும் பாக்டீரியாதான் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது; அதைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. பாக்டீரியா மூச்சுவிடவோ ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று அளந்து கொடுப்பது இந்தச் சிவப்புப் புரதம். ரைசோபியம் என்ற அந்தப் பாக்டீரியா விதையோடு வருவதில்லை. ஒவ்வொரு செடியும் முளைத்தபின் மண்ணிலிருந்து புதிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் ஆறின அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் பொட்டலத்தைக் கலந்து விதைநேர்த்தி செய்கிறோம். செடி இல்லாவிட்டாலும் அது மண்ணில் தனியாகப் பிழைத்துக்கொள்ளும்.

நைட்ரோபிளாஸ்டால் அப்படிப் பிழைக்க முடியாது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பாசிக்குள் குடியேறிய, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா வகையான சயனோபாக்டீரியாவின் வாரிசு அது. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய மரபணுக்களில் முக்கியமானவற்றையே இழந்துவிட்டது. அதற்குத் தேவையான புரதங்களில் கணிசமான பங்கைப் பாசியின் செல்தான் தயாரித்து, முகவரிச் சீட்டு ஒட்டியதுபோல ஒரு சிறு அமினோ அமிலத் தொடரைச் சேர்த்து உள்ளே அனுப்புகிறது. செல் பிரியும்போது இதுவும் கூடவே பிரிந்து சேய் செல்களுக்குப் போய்ச் சேர்கிறது. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் இப்படித்தான் தலைமுறை தாண்டி வருகின்றன. விருந்தாளி என்ற நிலையைத் தாண்டிச் செல்லின் உறுப்பாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான்.

கியோகோ ஹகினோவின் பெயர் கட்டுரையில் விடுபட்டது எனக்கு வருத்தம். 1998-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜொனாதன் ஜெர் குழுவினர் பசிபிக் கடல்நீரில் கண்டது இந்த நைட்ரோபிளாஸ்டின் ஒரு துண்டு டிஎன்ஏ மட்டுமே. அந்தப் பாசியை ஆய்வகத்தில் வளர்க்க, ஜப்பானின் கோச்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹகினோ பத்து வருடத்துக்கும் மேலாக, முந்நூறு தடவைக்கு மேல் கடல்நீர் எடுத்துவந்து முயன்றிருக்கிறார். அவர் வளர்த்துத் தந்த பாசி இருந்ததால்தான் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் எக்ஸ்-கதிர் கொண்டு செல் பிரிவதைப் படம்பிடிக்க முடிந்தது.

இன்னொன்று, கட்டுரைக்கு வைத்த ‘யூரியா வேண்டாத நெல் வருகிறது’ என்ற தலைப்பு. இதழ் வந்த அன்று மாலையே என் தம்பி போன் செய்து, “அக்கா, வர்ற சம்பாவுக்கு அந்த விதை கிடைக்குமா?” என்று கேட்டான். மூன்று ஏக்கர் நெல் வைத்திருப்பவன்; யூரியா மூட்டைக்காக வரிசையில் நின்று அலுத்தவன். அப்படி ஒரு விதை இல்லை என்று சொன்னதும் சற்று நேரம் பேச்சே வரவில்லை அவனுக்கு. நைட்ரோபிளாஸ்டை மட்டும் எடுத்து நெல் செல்லுக்குள் வைத்தால் அது வேலை செய்யாது. அதற்கு வேண்டிய புரதங்களில் பலவற்றைச் செய்யும் மரபணுக்கள் பாசியின் நியூக்ளியஸில் அல்லவா இருக்கின்றன! அவற்றையும், புரதத்தை உள்ளே அனுப்பும் ஏற்பாட்டையும் நெல்லுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். அந்தக் கனவோடு உழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அது அடுத்த பட்டத்துக்கு வருகிற சங்கதி அல்ல.

அடுத்த இதழில் இந்தத் தலைப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால், செல் பிரியும் அந்த எக்ஸ்-கதிர்ப் படத்தையும் உரிய அனுமதி பெற்று, பாகங்களைத் தமிழில் குறித்து முழுப் பக்கத்தில் வெளியிடுங்கள். நான் வேலைபார்த்த பள்ளியின் ஆய்வகச் சுவரில் ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
திண்டிவனம்.