நேரம் எழுதினாயா?

அன்புள்ள மகனுக்கு,

"நல்லா இருக்கேன்" என்ற உன் ஒற்றை வரி வந்து சேர்கிறது. மூன்று வாரமாக அதே வரிதான். அப்பாவின் முழங்கால் பழையபடி. பெரியப்பா அந்த அறையை இன்னும் பூட்டித்தான் வைத்திருக்கிறார். வேறு சேதி இல்லை. அதனால் போர்முனையில் காயம்பட்டவர்களைப் பார்க்கும் உன் வேலையைப் பற்றி எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் படி.

ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையான டூர்னிக்கெட், காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். மூட்டின் மேல் வேண்டாம். கால்சட்டைப் பையில் ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டுக் கட்டு. ரத்தம் நிற்கும்வரை, கீழே நாடி தட்டுப்படாமல் போகும்வரை திருகு. காயம்பட்டவர் வலியில் அலறுவார், அலறட்டும். பாவம் என்று அரைகுறையாகத் தளர்த்தினால் தமனி வழியே ரத்தம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், சிரை வழியே திரும்ப முடியாது, காயம் முன்னைவிட மோசமாகக் கொட்டும். கட்டியதும் நேரம் எழுது. 2 மணி நேரத்துக்குள் அதை அழுத்தக் கட்டாக மாற்ற முடியுமா என்று பார். 6 மணி நேரம் தாண்டிவிட்டால் மருத்துவமனைக்கு வெளியில் வைத்து அவிழ்க்கவே கூடாது. அந்த முடிவை எடுக்கப்போவது நீ இல்லை, உனக்கு அடுத்து அவரைப் பார்ப்பவர். நேரம் எழுதாத கட்டைப் பார்த்து அவர் என்ன செய்வார்? நேரம் எழுது.

எதிரிப் படை ஆளானாலும் இதேதான். அவரிடம் போகும் விதம் மட்டும் வேறு. சுட்டுக்கொண்டிருக்கும்போது போகாதே. ஓய்ந்த பிறகும் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் துப்பாக்கியோடு தள்ளி நின்று பார்த்துக்கொள்ள, மற்றவர் சோதிக்க வேண்டும். சோதிப்பவர் குறிக்குக் குறுக்கே வரக் கூடாது. இரண்டு கையும் கண்ணில் படாதவரை தொடாதே. குப்புறக் கிடந்தால் அடியில் கையெறி குண்டு இருக்கலாம். அவர் ஆயுதத்தை எடுத்த பிறகுதான் உன் மருந்துப் பையைத் திறக்க வேண்டும். (நம் ஆளே ஆனாலும் ரத்தம் போய்ப் புத்தி தடுமாறினால் முதலில் அவர் துப்பாக்கியை வாங்கு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) காயம்பட்டு, எதிர்க்காமல், ஓட முயலாமல் கிடக்கும்வரை அவருக்குப் பாதுகாப்பு உண்டு. மறுபடி ஆயுதத்தில் கை வைத்தால் அந்தக் கணமே அது போய்விடும்.

யாரை முதலில் பார்ப்பது என்பதில்தான் எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. 1949 ஜெனீவா ஒப்பந்தங்களில் முதலாவதன் 12-ஆம் விதி, மருத்துவ அவசரம் ஒன்றைத் தவிர வேறெதற்காகவும் முந்துரிமை கூடாது என்கிறது. நம்மவருக்குக் கை எலும்பு முறிவு, அவருக்குத் தொடையில் ரத்தம் பீறிடுகிறது என்றால் அவர்தான் முதல். இருவருக்கும் ஒரே நிலை என்றால் கைக்கு முதலில் எட்டியவர். ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலம் காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் போனால்தான் பயன். ஒரே ஒரு குப்பிதான் மிச்சம் என்றாலும் சீருடையைப் பார்த்துக் கணக்குப் போடாதே. போர்த்திவிடு. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது. நம் போர்வை அவருக்கு எதற்கு என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.

இது நாட்டுக்குத் துரோகம் என்று பேசுகிறவர்களிடம் நீ வாதாட வேண்டாம். 1864-லேயே 12 நாடுகள் ஜெனீவாவில் கையெழுத்திட்டன: எந்த நாட்டவராயினும் காயம்பட்ட வீரரை எடுத்துப் பேண வேண்டும் என்று. கையெழுத்துப் போட்டவை படை வைத்திருந்த அரசுகள், தங்கள் வீரர்களும் ஒருநாள் மறுபக்கம் விழுந்து கிடப்பார்கள் என்று தெரிந்த அரசுகள். இன்று 1949 ஒப்பந்தங்களை ஏற்காத நாடே இல்லை. நம் நாடு கொடுத்த வாக்கைத்தான் நீ காப்பாற்றுகிறாய். பெரியப்பா படைச்செருக்கு அதிகாரத்தை ஒப்பிப்பாரே, 773-ஆம் குறள் வந்தால் மட்டும் தாண்டிவிடுவார். பகைவனுக்கு ஒரு கேடு வரும்போது உதவுவதுதான் வீரத்தின் கூர்முனை என்கிறது அது. வள்ளுவர் அதை அருளுடைமையில் வைக்கவில்லை, படைச்செருக்கில் வைத்திருக்கிறார்.

இரக்கத்துக்கும் எல்லைக்கோடு உண்டு, அதையும் சொல்கிறேன். பரிதாபப்பட்டு நீயாக அவரை விட்டுவிடாதே. உன் தொலைபேசியைக் கொடுக்காதே. எங்கே இருக்கிறோம், எத்தனை பேர் என்பதை அவர் காது கேட்கப் பேசாதே. கொண்டுபோய் ஒப்படை. அதே சமயம், பதில் சொன்னால்தான் மருந்து என்ற பேச்சு உன் வாயில் வரக் கூடாது. பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் தவிர அவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அடையாள அட்டையைப் பிடுங்காதே. தலைக்கவசம் அவரிடமே இருக்கட்டும், போகும் வழியில் குண்டு விழுந்தால் அவருக்கும் தலை ஒன்றுதான்.

படம் எடுக்காதே. எடுப்பவர் பக்கத்தில் நிற்காதே. மூன்றாம் ஒப்பந்தத்தின் 13-ஆம் விதி, கைதியை அவமதிப்பிலிருந்தும் ஊரார் வேடிக்கை பார்ப்பதிலிருந்தும் காக்கச் சொல்கிறது. முகம் வெளியே போனால் அங்கே அவர் வீட்டாரைச் சரணடைந்தவன் குடும்பம் என்று துன்புறுத்தலாம். நம் ஆட்கள் அங்கே பிடிபட்டிருந்தால் பழி அவர்கள் தலையில் விடியும். படம் எடுக்காதே.

சித்தி ஒரு படம் அனுப்பினாள், "இவனுக்கெல்லாம் எதுக்கு மருந்து" என்று கேட்டு. நான் பதில் போடவில்லை. முழங்காலுக்கு மேலே, சரியான இடத்தில் டூர்னிக்கெட். காயத்தின் மேல் கட்டு, நுனி இரண்டு மடிப்பாக உள்ளே செருகியிருந்தது. அப்படிச் செருக யாருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். ஓரத்தில் யாரோ சிரித்துக்கொண்டு விரலை நீட்டியிருந்தார். உன் முகம் அதில் இல்லை. சிரித்தவரை நீ தடுத்தாயா, தடுக்க முடியாத நிலையா, அது எனக்குத் தெரியாது. பட்டையில் நேரம் இல்லை.

என் மேலும் தப்பு இருக்கிறது. வகுப்பில் டூர்னிக்கெட்டுக்கு இரண்டு நாள் கொடுத்த நான், கைதிகளை நடத்தும் விதத்துக்கு அரை மணி நேரம்தான் கொடுத்தேன், அதையும் எல்லோரும் எழுந்து போகிற நேரத்தில். பாடத்திட்டம் அப்படி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் உன் காது கேட்க "அவனுங்க" என்றே பேசியதும் நான்தானே. அதற்கு எந்தப் பாடத்திட்டம் சொன்னது? இந்தக் கடிதம் முழுக்க "அவர்" என்று எழுத எனக்கே கை இடறுகிறது.

நீ ஒன்றும் விளக்க வேண்டாம். தணிக்கை இருக்கும், தெரியும். நேரத்தைப் பட்டையில் எழுதாமல் நெற்றியில் எழுதியிருக்கலாம், சீட்டில் எழுதியிருக்கலாம், படத்தில் தெரியாமல் போயிருக்கலாம். அடுத்த தடவை "நல்லா இருக்கேன்" என்பதற்குப் பக்கத்தில் எழுதினேன் அல்லது எழுதவில்லை, இரண்டில் ஒன்றை மட்டும் சேர்த்து அனுப்பு.

அம்மா