சங்கத்தில் சேர்க்கவும் மாட்டார்கள், கதம்பை வாங்க விடவும் மாட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈத்தாமொழிப் பக்கம் சின்னதாக ஒரு தும்பு ஆலை வைத்திருக்கிறேன், கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, அடித்துக் கயிறு திரிக்கும் நாரான தும்பை எடுப்பதுதான் வேலை. ஒரு மிஷின், ஒன்பது பேர் வேலை, அதில் ஏழு பேர் பெண்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு, ஜிஎஸ்டி எல்லாம் முறையாக இருக்கிறது. ஆனால் இங்கே தொழில் நடத்த அது போதாது, எங்கள் பகுதி ஆலைக்காரர்கள் சங்கத்தில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும் என்பது நான்கு வருடத்தில் எனக்கு நன்றாகவே புரிந்துவிட்டது.

சேர மாட்டேன் என்று நான் நின்றதில்லை. மூன்று முறை விண்ணப்பித்தேன். முதல் முறை, ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இரண்டு பேர் முன்மொழிய வேண்டும் என்றார்கள். நான் வந்தால் தனக்கு வரும் கதம்பை குறையும் என்று நினைப்பவரிடமே போய்க் கையெழுத்துக் கேட்டால் யார் போடுவார்? ஒருவர் நல்ல மனதோடு போட்டுக் கொடுத்தார், இரண்டாவது கையெழுத்துக்கு எட்டு மாதம் அலைந்தேன், அது கிடைத்த நேரம் சேர்க்கைக் கட்டணத்தை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். சரி, அதையும் கட்டுகிறேன் என்று போனால் இப்போதைக்குப் புது ஆள் எடுப்பதில்லை என்றார்கள். அதை எழுத்தில் கேட்டேன். தரவில்லை.

சேர்க்காவிட்டால் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் கதம்பைக்கு விலை வைப்பதும் அவர்கள்தான். ஆயிரம் கதம்பையை அடித்தால் சுமார் 80 கிலோ தும்புதான் கிடைக்கும் என்பதால் லோடு விலையில் சிறிது ஏறினாலும் கையைக் கடிக்கும், அப்படியும் அவர்கள் வைத்த விலைக்கு மேலேயே தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "ஒங்களுக்கு ஏத்திவிட்டா அவங்க எங்கிட்ட எடுக்க மாட்டாங்க அண்ணாச்சி" என்று லோடு தருகிறவர் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியிலும் தும்பு காயாது, ஐப்பசி, கார்த்திகையிலும் காயாது. வெயில் அடிக்கும் மாதங்களில் லோடு நின்றால் அந்த வருடமே போய்விடும். போன மாசியில் பன்னிரண்டு நாள் மிஷின் சும்மா கிடந்தது, வேலைக்கு வந்த பெண்களைத் திருப்பி அனுப்பியபோது ஒருவரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சங்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கரண்ட் கட்டணம் ஏறும்போது தனி ஆளாக நான் கத்தி என்ன ஆகும், சங்கம் பேசினால்தான் கேட்பார்கள். ஆனால் விலையைத் தீர்மானிப்பதும் சரக்கை நிறுத்துவதும் வேறு விஷயம். வியாபாரப் போட்டியைக் கெடுக்கும் ஏற்பாடுகளைத் தடுக்கும் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில், தொழில் நடத்துகிறவர்களின் சங்கங்கள் எடுக்கும் முடிவும் அடங்கும், "நாங்கள் கம்பெனி இல்லையே" என்று சொல்லித் தப்ப முடியாது. சங்கத்தின் தடையில்லாச் சான்று இருந்தால்தான் மொத்த விற்பனையாளர் ஆகலாம் என்று மருந்து வணிகர் சங்கங்கள் வைத்திருந்த வழக்கத்தை, அந்தச் சட்டப்படி விசாரிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் தவறு என்றுதான் சொல்லியிருக்கிறது. கதம்பைக்கு மட்டும் வேறு நியாயமா?

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தும்புத் தொழில் பற்றிக் கூட்டம் போடும்போது சங்க நிர்வாகிகளை அழைத்தால் எல்லாரையும் அழைத்ததாக ஆகாது. உத்யம் பதிவு விவரம் அரசிடமே இருக்கிறது, அதைப் பார்த்து வெளியே நிற்கும் எங்களையும் கூப்பிடுங்கள்.

சங்கத்திடம் நான் கேட்பது இவ்வளவுதான்: உறுப்பினர் சேர்க்கை விதியை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள், சேர்க்க முடியாது என்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள், லோடு தருகிறவர்களைத் தடுக்காதீர்கள். நான்காவது விண்ணப்பத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டேன். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் அதே போட்டிச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி டெல்லியில் உள்ள போட்டி ஆணையத்துக்குப் புகார் எழுதப் போகிறேன், மிஷின் ஓடாத நாட்களின் பதிவேடு என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தும்பு ஆலைக்காரர்,
கன்னியாகுமரி மாவட்டம்