பாப்பாவுக்கு, வண்டி விஷயமாக

பாளையங்கோட்டை
செவ்வாய்க்கிழமை இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாங்க நினைத்து அனுப்பிய மஹிந்திரா தார் ஜீப்பின் படத்தை இன்னும் போனில் வைத்திருக்கிறேன். "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாய். "நல்லா இருக்கு" என்று போட்டேன். "சரிப்பா" என்றாய். அதோடு மூன்று வாரம் ஆகிவிட்டது. போனில் பேசினால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் ஆசையைக் குறை சொல்லவில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவையும் நீ தனியாக ஏறி இறங்கியதை டிப்போ ஆட்களில் நான் சொல்லாத ஆள் கிடையாது. கியர் மாற்றும்போது உன் கை என் கை மாதிரியே இருக்கும் என்று அம்மா சொல்வாள். ஓட்ட உனக்குப் பிடிக்காத வண்டியை வாங்கு என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ பார்த்திருப்பது மூன்று கதவு தார். பின்னால் போக முன்சீட்டை மடக்கித்தான் நுழைய வேண்டும். அப்படியென்றால் அம்மா முன்னால்தான். முன்னால் என்றாலும் காலைத் தூக்கிவைத்து ஏற வேண்டும். ஐந்து கதவு ராக்ஸ் 2024இல் வந்துவிட்டது, அதில் பின்கதவு உண்டு, ஆனால் தரையிலிருந்து உயரம் உயரம்தானே. படத்தை அம்மாவிடம் காட்டினேன். "பிள்ளைக்குப் பிடிச்சிருந்தா சரி" என்றாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சரி, நான் பார்த்துவைத்ததைச் சொல்கிறேன். அம்மா விழுந்த பிறகு டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும், முட்டி இடுப்புக்கு மேலே போகக் கூடாது. அதனால் டிசையர் மாதிரித் தாழ்ந்த காரும் ஆகாது, ஏணி வைத்து ஏறுகிற வண்டியும் ஆகாது. பிசியோ தம்பி எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான். ஒற்றைக் காலை உள்ளே வைத்து ஏறவே கூடாதாம். வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், கெண்டைக்கால் வண்டியில் தட்டும் வரை பின்னால் போக வேண்டும், தலையைக் குனிந்து முதலில் உட்கார வேண்டும். அப்புறம்தான் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். கதவைப் பிடிக்கக் கூடாது, அது ஆடும். சீட்டில் ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையை விரித்தால் வழுக்கித் திரும்ப வசதியாக இருக்கிறது. திரும்பி உட்கார்ந்ததும் பையை உருவிவிட வேண்டும், இல்லையென்றால் பிரேக் போடும்போது ஆள் முன்னால் சறுக்கும்.

தெருவில் மூன்று பேர் வண்டியில் அம்மாவை உட்காரவைத்துப் பார்த்தேன், தையல் டேப்போடு. தரையிலிருந்து சீட் விளிம்பு 24 அங்குலத்திலிருந்து 26க்குள் இருந்தால் அம்மா யார் கையும் இல்லாமல் உட்காருகிறாள். 28 என்றால் நுனியில்தான் தொங்குகிறாள். சீட்டின் ஓரம் கிண்ணம் மாதிரித் தூக்கியிருந்தால் அதைத் தாண்ட முடியவில்லை, தட்டையாக இருக்க வேண்டும். கதவு நன்றாக விரிய வேண்டும். பக்கவாட்டில் மாட்டுகிற படி அழகுக்குச் சரி, ஆனால் அது இருந்தால் ஒட்டி நிற்க முடிவதில்லை. அம்மாவை உட்காரவைத்துப் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் கொடுத்துவிடாதே.

உனக்கும் பிடித்து, அம்மாவுக்கும் ஆகிற வண்டி என்று நான் நினைப்பது மாருதி எஸ் கிராஸ், அதிலும் 1.6 டீசல். 2015இல் வந்தது, 2017 வரைதான் விற்றார்கள். 120 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர். மலையில் அது இழுக்கிற இழுப்பை நீயே ஓட்டிப் பார். உயரமும் நடுத்தரம். ஒரே கவலை, அந்த எஞ்சின் அதிகம் விற்காத எஞ்சின், சாமானுக்கு அலைய வேண்டியிருக்கும். அது கிடைக்காவிட்டால் பழைய கிரெட்டா, 1.6 டீசல் ஆட்டோமேட்டிக். அது பழைய முறை டார்க் கன்வெர்ட்டர், கியர் மாறுவதே தெரியாது. ஏஎம்டி, அதாவது சாதா கியரையே மிஷின் மாற்றுகிற வகை, அது வேண்டாம் பாப்பா. ஒவ்வொரு கியருக்கும் தலை ஒரு முறை ஆடும், நமக்கு ஒன்றுமில்லை, அம்மாவுக்கு இடுப்பில் பிடிக்கிறது. ஈகோஸ்போர்ட் ஓட்ட நன்றாக இருக்கும், தெரியும். ஆனால் அதன் பின்கதவு பக்கவாட்டில் திறக்கிறது, நம் தெருவில் பின்னால் இடம் விட்டு நிறுத்த முடியாது. சக்கர நாற்காலி 17 கிலோ, அதை எங்கிருந்து தூக்கிப் போடுவாய்?

எந்த வண்டியானாலும் தண்ணீரில் நின்றதா என்று பார். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அப்போது மூழ்கிய வண்டிகள் எல்லாம் கழுவித் துடைத்து எங்கேயோ விற்பனைக்கு நிற்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார், சேற்றுக் கோடு இருக்கும். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், இதெல்லாம் பார். ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் கடன் தீர்ந்தது என்கிற 35ஆம் படிவம் வாங்காமல் விடாதே. பெயர் மாற்றுகிற 29, 30 படிவங்களை வாங்கிவைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதே, பெயர் மாறும் வரை விடக் கூடாது. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்கிறேன்.

முக்கியமாக, அம்மாவை உட்காரவைத்துப் பார்.

தீபாவளிக்கு ஒரு நாள் வந்தாய், பஸ்ஸில் வந்து பஸ்ஸிலேயே போனாய். அம்மா திருச்செந்தூர் போக வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள், உன் காதில் விழுந்ததா தெரியவில்லை. நீ வேலைப் பளுவில் இருக்கிறாய், தெரியும். வண்டி வாங்கினால் வருவாய் என்று நினைத்தேன். அப்புறம் அந்தப் படம் வந்தது.

இல்லை, உன்னைச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது.

நம் பழைய வெள்ளை வண்டியை ஏன் திடீரென்று விற்றீர்கள் என்று கேட்டாய். டீசல் கட்டுப்படியாகவில்லை என்றேன். அது பொய். அம்மா பாத்ரூமில் விழவில்லை பாப்பா. தென்காசிக் கல்யாணத்தன்று மண்டப வாசலில் விழுந்தாள். எப்போதும் நான் இறங்கிப் போய் அவள் கால் வைத்து இறங்க அந்த மரமணையைப் போடுவேன், தோளைக் கொடுப்பேன். அன்றைக்கு மணை பின்னால் சாமானுக்கு அடியில் கிடந்தது. பின்னால் இரண்டு வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் ஸ்டியரிங்கை விடாமல், "சீக்கிரம் இறங்கு, இதுகூட முடியாதா" என்று சத்தம் போட்டேன். அவசரமாகக் காலை வைத்தாள். சேலை மாட்டியது. 31 வருஷம் பஸ் ஓட்டினேன், என் படிக்கட்டில் ஒரு பயணி விழுந்ததில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அந்த வலியிலும், "பாத்ரூம்னு சொல்லிருங்க, பாப்பா உங்களை வைவா" என்றாள். நானும் அப்படியே சொன்னேன். நீ பணம் அனுப்பி சொரசொர டைல்ஸ் போட்டாய், கைப்பிடி வைத்தாய். தினமும் காலையில் அந்த டைல்ஸில்தான் நிற்கிறேன்.

இதை எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. நீ வைய வேண்டுமென்றால் என்னை வை, அவளிடம் கேட்காதே.

எஸ் கிராஸ் ஏதாவது கண்ணில் பட்டால் சொல். ராத்திரி ரயிலில் கீழ் பெர்த் போட்டு அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டி வருகிறேன். மணையையும் டேப்பையும் எடுத்துவருகிறேன். நீ ஓட்டு. அவள் உன் பக்கத்தில் உட்காரட்டும், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன்.

அப்பா