காசு கொடுக்குமுன் கிராபிக்ஸ் கார்டைப் பார்த்துவிடு

மாப்ள,

அம்மா வழுக்கி விழுந்த விஷயம் உன் மெசேஜ் பார்த்துத்தான் தெரியும், ஒரு ஃபோன் போட்டிருக்கக் கூடாதா? இப்போது நடக்கிறார்களா? இங்கே எல்லோரும் நலம். அல்சூர் வீட்டைக் காலி செய்து கே.ஆர்.புரம் பக்கம் வந்தாயிற்று. வாடகை ஒன்றும் குறைந்துவிடவில்லை, தண்ணீர் லாரிச் செலவுதான் கூடியிருக்கிறது.

சரி, பாப்பாவின் லேப்டாப்புக்கு வருகிறேன். நேற்று அவளோடு பெங்களூர் கம்ப்யூட்டர் கடைத்தெரு எஸ்.பி. ரோடு போயிருந்தேன். கடைக்காரர் நம்ம ஊர்ப் பக்கம்தான், தமிழிலேயே பேசினார், ஆனால் "12 ஜிபி கிராபிக்ஸ்" என்று உனக்கு அனுப்பிய கணக்கு இருக்கிறதே, அது பாதி நிஜம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் கீழே ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு வரும் (ஜிபியு என்றால் திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் சிப்). முதலாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல், இரண்டாவதுதான் தனிக் கார்டு, என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050. அதைத் தொட்டால் டெடிகேட்டட் மெமரி, அதாவது கார்டின் சொந்த நினைவகம், 4 ஜிபி, ஷேர்டு மெமரி கிட்டத்தட்ட 8 என்று காட்டியது. அந்த 8 கார்டில் இருப்பதில்லை, 16 ஜிபி ராமில் பாதியைத் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ள விண்டோஸ் வைத்திருக்கும் அனுமதி, அவ்வளவுதான். இரண்டையும் கூட்டி 12 என்று விற்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. ஒரே 3050 என்ற பெயரில் 35 வாட்டிலும் வரும், 80 வாட்டிலும் வரும், லேப்டாப் கம்பெனி எவ்வளவு மின்சாரம் விடுகிறதோ அதைப் பொறுத்து வேகம் மாறும், ஸ்டிக்கரைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்று ஒரு வரி இருக்கும், இதில் 60 போட்டிருந்தது. பரவாயில்லை ரகம்.

விலை குறைவாக இன்னொன்றையும் எடுத்து நீட்டினார், அதைத்தான் பாப்பா ஆசையாகப் பார்த்தாள், மெலிசாக அழகாக இருந்தது. விண்டோஸைப் புதிதாகப் போட்டு, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் போடாமலே வைத்திருந்தார்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டருக்குக் கீழே மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று மட்டும்தான். அது கார்டின் பெயரே இல்லை, டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் ஒப்புக்குப் போட்டுக்கொள்வது. அதர் டிவைசஸில் மஞ்சள் குறியோடு 3டி வீடியோ கண்ட்ரோலர் என்று ஒன்று அநாதையாகக் கிடந்தது. ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடி. வரிசையில் முதல் எண் தயாரித்தது யார் என்று சொல்லும்: 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல் (அவர்களுடைய 1978 சிப்பின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள், குசும்பு). அடுத்த எண் எந்த மாடல் என்பது. இதில் 1டி12 என்று இருந்தது, ஃபோனில் தேடினால் எம்எக்ஸ் 150, 2017-இல் வந்தது. அதிலும் 1டி10 என்று 25 வாட் ரகம் ஒன்று உண்டு, 1டி12 வெறும் 10 வாட். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், எனக்கு இதில்தான் எரிச்சல். பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு அது உதவாது என்றேன், முகம் சுருங்கியது, அப்புறம் புரிந்துகொண்டாள்.

டெஸ்க்டாப் மாதிரி பின்னால் நல்ல கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. லேப்டாப்பில் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், வாங்கும்போது என்ன இருக்கிறதோ அதுதான் கடைசிவரை.

ஆகவே அந்த 3050-ஐயே எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். 4 ஜிபிக்குள் பெரிய 3டி சீன் எல்லாம் அடங்காது, அதை முழுப் படமாக்கும் ரெண்டர் வேலை நின்றுபோகும், ஆனால் படிக்கிற காலத்துக்குப் போதும். 12 ஜிபி பேச்சைச் சுட்டிக்காட்டியதும் கடைக்காரரே 2,000 குறைத்தார், இன்னும் கொஞ்சம் இறங்குவார். பில்லில் 4 ஜிபி, 60 வாட் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை வரை வைத்திருப்பதாகச் சொன்னார், சரியென்றால் வெள்ளிக்குள் பணத்தை அனுப்பிவிடு. அம்மாவிடம் ஞாயிறு காலை பேசுகிறேன் என்று சொல்.