14ஆம் வார ஊசிக்கு வந்திருந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சென்ற புதன்கிழமை மாநகராட்சி சுகாதார நிலையத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த பெஞ்சில் நாம் அருகருகே அமர்ந்திருந்தோம். உங்கள் மடியில் 14ஆம் வார ஊசிக்கு வந்திருந்த மகள், என் மடியில் 9ஆம் மாத ஊசிக்கு வந்திருந்த மகன். குழந்தைகளின் எடை, இரவில் எத்தனை முறை எழுகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தபோது, சட்டென்று குரலைத் தாழ்த்தி, "தையல் எல்லாம் ஆறிடுச்சுக்கா. ஆனா அவர் பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு, அப்படி எரியுது" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்களை அழைத்துவிட்டார்கள். என் மகனுக்கு ஊசி போட்டு நான் வெளியே வந்தபோது பெஞ்சில் நீங்கள் இல்லை. உங்கள் பெயரும் தெரியாது, எண்ணும் வாங்கவில்லை. அதனால்தான் அன்று சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் இதே எரிச்சல் இருந்தது. தாய்வீட்டிலிருந்து திரும்பிய மூன்றாம் மாதத்தில் தொடங்கியது. பரிசோதித்த மருத்துவர் "தையல் நன்றாக ஆறியிருக்கிறது, எல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்பினார். தையல் ஆறியிருந்தது உண்மைதான். ஆனால் எனக்கு வலித்தது தையல் போட்ட இடத்தில் அல்ல. பெண்ணுறுப்பின் உள்ளே முழுவதும் காய்ந்து, தொட்டாலே தோல் உரிவதைப் போல இருந்தது. உடம்பில் குறை இல்லை என்றால் மனத்தில்தான் குறை இருக்க வேண்டும், கணவர் மேல் இருந்த ஆசைதான் போய்விட்டது என்று நானாகவே முடிவு செய்து ஏழெட்டு மாதங்களை ஓட்டினேன். நீங்கள் அப்படி ஓட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏராளமாகச் சுரக்கிறது. பிரசவத்தில் நஞ்சு வெளியேறியதும் அந்த அளவு மளமளவென்று இறங்கிவிடுகிறது. பால் கொடுக்காத தாய்க்குச் சில வாரங்களில் சினைப்பைகள் மீண்டும் ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கிவிடும். பால் கொடுக்கும் தாய்க்கோ, குழந்தை உறிஞ்சும்போதெல்லாம் உயரும் புரோலாக்டின் ஹார்மோன் மூளையிலிருந்து சினைப்பைக்குச் செல்லும் கட்டளையை அடக்கி வைக்கிறது. மாதவிலக்கு வராமல் இருப்பதற்கும், பெண்ணுறுப்பின் உட்சுவர் மெலிந்து ஈரம் வற்றிப்போவதற்கும் இந்த ஈஸ்ட்ரோஜன் குறைவு ஒன்றேதான் காரணம். மாதவிலக்கு நின்ற ஐம்பது வயதுப் பெண்ணுக்கு வரும் அதே வறட்சி இருபத்தைந்து வயதில் உங்களுக்கு வந்திருக்கிறது, அவ்வளவே. சிலருக்குச் சிறுநீர் கழிக்கும்போது கடுப்பு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்றும் இது வெளிப்படும். கூடவே, வலிக்கும் என்ற பயத்தில் பெண்ணுறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகிக்கொள்ளும். இறுகினால் இன்னும் வலிக்கும், வலித்தால் அடுத்த முறை பயம் கூடும்.

இதைக் கேட்டதும் வீட்டில் யாராவது "அப்போ பாலை நிறுத்திடு" என்று சொல்லலாம். நிறுத்த வேண்டியதில்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் இந்தக் காலத்தில்தான் வறட்சி மிகுந்திருக்கும். குழந்தை கஞ்சியும் பருப்புச் சாதமும் சாப்பிடத் தொடங்கி, இரவுப் பால் குறையக் குறைய, பலருக்கு இது தானாகவே தணியும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

முதலில், கிருமிநாசினி கலந்த வெந்நீரில் கழுவுவதை நிறுத்துங்கள். என் வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள் என்று தினமும் இரண்டு வேளை அதைத்தான் செய்தேன், காய்ந்த தோலை மேலும் காயவைத்தேன். வாசனைச் சோப்பும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

அடுத்தது ஜெல். இதில் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையும்வரை இருமல் மிட்டாய் பார்ப்பதுபோல் நின்றிருந்து, கடைக்காரரிடம் "ஜெல்லி" என்று மட்டும் முணுமுணுத்தேன். அவர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்ததை வீட்டில் பிரித்தால், அது லிக்னோகெயின் ஜெல்லி, மரத்துப்போகச் செய்யும் மருந்து. அவர்மேல் தவறில்லை, நான் கேட்ட லட்சணம் அப்படி. மரத்துப்போனால் வலி தெரியாது, ஆனால் உரசிப் புண்ணாவதும் தெரியாது. ஆகவே, வழவழப்புக்காகத் தடவும் நீர் சார்ந்த ஜெல்லை "வாட்டர்-பேஸ்டு லூப்ரிகன்ட்" (water-based lubricant) என்று முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள், கூச்சமாக இருந்தால் தாளில் எழுதி நீட்டுங்கள். கணவருடன் இருக்கும்போது தாராளமாகத் தடவிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் கையருகே இருக்கிறதே என்று தோன்றும். நிரோத் போன்ற ஆணுறை பயன்படுத்தினால் எண்ணெயும் வாசலினும் கூடவே கூடாது, ரப்பர் இற்றுக் கிழிந்துவிடும். மாதவிலக்கு வராமல், குழந்தைக்கு 6 மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வந்தால் கரு தங்கும் வாய்ப்பு 2 சதவீதம்தான். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் அந்தக் கணக்கு செல்லாது. வறட்சியாகத்தானே இருக்கிறது, கரு தங்காது என்று நம்பிவிட வேண்டாம்.

லூப்ரிகன்ட் அந்த நேரத்துக்கு மட்டுமே உதவும். உட்காரும்போதும் நடக்கும்போதும்கூட எரிகிறது என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உள்ளே வைக்கும் மாய்ஸ்சரைசர் தனியாகக் கிடைக்கிறது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஹயலுரானிக் அமிலம் கலந்தது எனக்கு ஒத்துக்கொண்டது.

இவற்றுக்கும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் பெண்ணுறுப்பின் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றி நீங்களே பேச்செடுங்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வேறொரு மருத்துவர் எனக்கு ஈஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகைக் கிரீம் எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் தினமும் இரவில் சிறிதளவு, பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். பெட்டிக்குள் இருந்த தாளில் பாலூட்டும் தாய்மாருக்கான எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தூக்கிப் போடவே இருந்தேன். பால் குறையும் என்ற அச்சம் வாய்வழியாக அதிக அளவில் உட்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளை ஒட்டியது என்றும், இந்தச் சிறிய அளவு கிரீமிலிருந்து இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். மூன்றாவது வாரத்தில் எரிச்சல் பாதியாகக் குறைந்திருந்தது, என் மகனும் வழக்கம்போலப் பால் குடித்துக்கொண்டிருந்தான். உங்களுக்கு மார்பகப் புற்றுநோயோ இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்த பிரச்சினையோ வந்ததுண்டு என்றால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அரிப்பு, காய்ச்சல், இரத்தக்கசிவு ஆகியவை இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம், கிரீமுக்கு முன் அதைப் பார்க்க வேண்டும். "தையல் ஆறிவிட்டது" என்று சொல்லி முடிக்கப் பார்த்தால், "தையல் இடம் வலிக்கவில்லை டாக்டர், உள்ளே வறண்டு எரிகிறது, பால் கொடுப்பதால் இருக்குமா?" என்று கேளுங்கள். நான்கு வருடம் முன்பு என் வாயில் வராத வாக்கியம் அது.

அன்று வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் உங்கள் கணவர்தான் என்று நினைக்கிறேன், குழந்தையின் துணிப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். என் கணவரிடம் நான் சொல்லாமலே விலகியபோது, தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது. இந்தக் கடிதத்தை உங்கள் கணவரிடமும் படிக்கக் கொடுங்கள். மெடிக்கல் ஷாப்புக்கு அவரே போய் வரட்டும்.

அன்புடன்,
9ஆம் மாத ஊசிக்கு வந்திருந்த அக்கா