அப்பாவின் இடது காலுக்காக ஒரு நன்றி மடல்

செவ்வாய்க்கிழமை பாத கிளினிக்கில் இருக்கும் டாக்டர் அம்மாவுக்கு, டிரெஸ்ஸிங் சிஸ்டருக்கு, மாவுக்கட்டு போடும் அண்ணனுக்கு, எங்கள் எதிர்வீட்டு ஆட்டோ அண்ணனுக்கு, வராந்தா பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்த பெரியவருக்கு, வணக்கம்.

உங்களில் ஒருவருக்கும் நாங்கள் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. கடைசி நாளன்று ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா வாங்கி வந்து நீட்டினோம். டாக்டர் அம்மா சிரித்துவிட்டு, "சர்க்கரைக் கால் பார்க்கிற இடத்துக்கு ஸ்வீட்டா?" என்று கேட்டார். அதோடு பேச்சு வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

விஷயம் தெரியாதவர்களும் படிப்பீர்கள் என்பதால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 38 வருஷம் வேலை பார்த்தவர். சர்க்கரை வந்து 17 வருஷம் ஆகிறது. போன வருஷம் ஒரு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய், 14 கிலோமீட்டரும் வெறுங்காலோடு கிரிவலம் சுற்றிவிட்டு வந்தார். மூன்றாம் நாள் அம்மா வீடு துடைக்கும்போது சாமி ரூமிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள். குங்குமம் சிந்தியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தார். துடைத்த இடத்தில் அப்பா நடந்து போனதும் மறுபடி பொட்டுகள். இடது கால் பெருவிரலுக்குக் கீழே, பந்து மாதிரி இருக்கும் இடத்தில், கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது.

"வலிக்கலையா?" என்று அம்மா கேட்டதற்கு, "வலிச்சா சொல்ல மாட்டனா?" என்று அப்பா எரிந்து விழுந்தார். பிறகு யோசித்தால், அவர் சொன்னதில்தான் மொத்த நோயும் இருந்தது.

அடுத்த ஆறு வாரம் நாங்கள் செய்த கூத்தை ஒளிக்க வேண்டியதில்லை. அத்தை காப்பித்தூள் வைத்தார். பக்கத்து வீட்டில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொடுத்தார்கள். நான் தினமும் நுரை பொங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிக் கழுவி, காலை ஸ்டூல் மேல் வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பி விட்டேன். காய்ந்தால் ஆறிவிடும் என்று நம்பினேன். மேலே பொருக்குத் தட்டும், நாங்கள் சந்தோஷப்படுவோம், இரண்டு நாளில் அது பெயர்ந்து அடியில் புண் இன்னும் ஆழமாகியிருக்கும். ஓர் இடத்தில் காட்டினோம். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, விரலோடு சேர்த்து முன்பாதத்தை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை.

ஆட்டோ அண்ணன்தான், "எடுக்கிறதுன்னா எப்ப வேணா எடுக்கலாம், இன்னொரு எடத்துல காட்டிட்டு முடிவு பண்ணலாம் வாங்க" என்று வேலூர்ப் பக்கம் இந்தக் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். அதன் பிறகு பதினைந்து செவ்வாய்க்கிழமை. ஒரு நாளும் வெயிட்டிங் காசு வாங்கவில்லை. அண்ணா, கணக்கு என்னிடம் இருக்கிறது.

டாக்டர் அம்மா, முதல் நாள் நீங்கள் பேனா மாதிரி ஒரு பிடியில் செருகிய நைலான் இழையை எடுத்தீர்கள். அது வளையும்போது சரியாக 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கண்ணை மூடிக்கச் சொல்லி, தொட்டால் சொல்லுங்கள் என்றீர்கள். விரல் நுனி, விரலடி, நடுப்பாதம் என்று ஓர் இடம் விடாமல் தொட்டுக்கொண்டே போனீர்கள். எல்லாம் முடிந்த பிறகு அப்பா கண்ணை மூடியபடியே, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு டாப்ளரை வைத்துப் பாதத்தில் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டீர்கள். புண்ணுக்குள் மெல்லிய கம்பியை விட்டு எலும்பு தட்டுகிறதா என்று பார்த்தீர்கள், எக்ஸ்ரே எடுத்தீர்கள். "ரத்தம் நல்லா வருது. எலும்புக்குப் போகல. இது ஆறும். ஒடம்பே ஆத்திக்கும், நாம குறுக்க நிக்காம இருந்தா போதும்." இதுதான் நீங்கள் சொன்னது. எங்கள் வீட்டில் அத்தனை பேரும் புண்ணின் மேல் எதைப் போடலாம் என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். நீங்கள் எதை எடுக்கலாம் என்று பார்த்தீர்கள்.

முதலில் எடுத்தது காய்ப்பு. புண்ணைச் சுற்றிக் கல் மாதிரி இறுகிக் கிடந்த தோலையும் செத்த சதையையும் பிளேடால் சீவச் சீவ, அப்பா குனிந்து பார்த்தார். "ஸ்கைவிங் மாதிரியே இருக்கே" என்றார். தோலின் ஓரத்தைத் தைப்பதற்கு முன்னால் மெலிதாகச் சீவுவதற்கு ஷூ கம்பெனியில் அதுதான் பெயர். நீங்கள் கையை நிறுத்தி, அவரிடம் அதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டீர்கள். அன்றைக்கு அவர் நோயாளியாக இல்லாமல் தொழில்காரராக வீட்டுக்கு வந்தார்.

அடுத்து எடுக்க வேண்டியது பாரம். கழற்றி மாட்டுகிற பூட்ஸ் ஒன்று கொடுத்தீர்கள். இரண்டு வாரமாகியும் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் குறையவில்லை. "போட்டுட்டுதான் நடக்குறீங்களா?" "ஆமாம்மா, சத்தியமா." நீங்கள் ஒன்றும் பேசாமல் பூட்ஸைத் திருப்பி அடியைக் காட்டினீர்கள். தேய்மானமே இல்லை. 38 வருஷம் சோல் பார்த்த மனிதர், தலையைக் குனிந்துகொண்டார். பாத்ரூமுக்கு நாலடி, டீக்கு பத்தடி, அதற்கெல்லாம் எதற்குப் பூட்ஸ் என்று கழற்றிவிட்டுத்தான் போயிருக்கிறார். நீங்கள் திட்டவில்லை. எல்லா நாட்டிலும் இதே கதைதான், அளந்து பார்த்த ஓர் ஆய்வில் நோயாளிகள் நடந்த நடையில் 28 சதவீதம்தான் பூட்ஸோடு நடந்தது என்று சொல்லிவிட்டு, மாவுக்கட்டு அண்ணனைக் கூப்பிட்டீர்கள்.

எலும்பு முறியாத காலுக்கு எதற்கு மாவுக்கட்டு என்று அம்மா சண்டைக்கே போய்விட்டார். அண்ணன் பொறுமையாகச் சொன்னார்: உள்ளங்காலும் கெண்டைக்காலும் இடைவெளி இல்லாமல் கட்டோடு ஒட்டியிருந்தால், பெருவிரலடியில் இறங்குகிற பாரம் கால் முழுக்கப் பிரிந்துவிடும். அதைவிட முக்கியம், இதைக் கழற்ற முடியாது. நான் படித்தது காமர்ஸ், ஆனால் கணக்கு புரியும். 2001இல் வெளியான ஓர் ஆய்வில் 63 பேரை மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறார்கள். 12 வாரத்தில் மாவுக்கட்டுக் குழுவில் சுமார் 90 சதவீதம் பேருக்கு ஆறியிருக்கிறது. கழற்றுகிற பூட்ஸ் குழுவில் 65, குதிகால் பக்கம் மட்டும் அடி வைத்த அரைச்செருப்புக் குழுவில் 58. பூட்ஸும் பாரத்தைக் கிட்டத்தட்ட அதே அளவுக்குத்தான் குறைக்கும். மிச்ச வித்தியாசம் எங்கள் அப்பா மாதிரி ஆட்களால் வருவது. (சீழ் பிடித்த காலுக்கும் ரத்த ஓட்டம் இல்லாத காலுக்கும் இப்படி மூடிக் கட்டக்கூடாது. அதற்காகத்தான் முதலில் அத்தனை சோதனை. படித்துவிட்டு யாரும் தானாகப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டாம்.)

சிஸ்டர், உங்களிடம் நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஃபேன் காற்றில் காய வைத்தேன் என்று பெருமையாகச் சொன்னபோது, "புண்ணைக் காய விடாதீங்க, ஆற விடுங்க. ரெண்டும் வேற" என்றீர்கள். இந்த வித்தியாசத்தை 1962இல் பிரிட்டனில் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் முதுகில் காட்டியிருக்கிறார். ஒரே மாதிரி சின்னச் சின்னக் காயங்கள். சிலவற்றைக் காற்றில் விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடியவற்றில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணத்தை நீங்கள் மேசைத்துணியை வைத்துக் காட்டினீர்கள். ஓரத்திலிருந்து கிளம்பும் தோல் செல்கள் ஈரமான தரையில் வழுக்கிக்கொண்டு போய்ச் சேரும். பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டும். நான் ஃபேன் வைத்து ஆறு வாரமும் அவற்றுக்குச் சுவர் கட்டியிருக்கிறேன். நுரை பொங்கியது அழுக்குப் போவதால் என்று நினைத்தேன், அந்த மருந்து புதிதாக வளர வந்த செல்களையும் சேர்த்துத்தான் சாகடிக்குமாம். விண்டருக்கு நன்றி, அந்தப் பன்றிகளுக்கும்.

பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குப் புண்மேல் ஸ்பாஞ்ச் வைத்து, பிளாஸ்டிக் தாளால் ஒட்டி, மெஷினால் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். 1997இல் அமெரிக்காவில் அர்ஜென்டா, மோரிக்வாஸ் என்ற இருவர் எழுதிய ஆய்வுக்குப் பிறகு பரவிய முறை அது. அதைப் பார்த்து அப்பாவுக்கு ஒரே ஏக்கம். "எனக்கு மட்டும் ஏன் மாவு?" என்றார். "ஒங்களுக்குத் தேவையில்ல தாத்தா" என்று ஒரே வார்த்தையில் முடித்தீர்கள். செலவு வைக்கத் தெரிந்தும் வைக்காமல் விட்டதற்கு உங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

முதல் கட்டை மூன்றாம் நாளே அறுத்துப் பார்த்தீர்கள், பிறகு வாரம் ஒன்று. நாலாவது வாரம் கட்டைப் பிரித்தபோது புண்ணின் அடி முழுக்க மாதுளை முத்து மாதிரி மணிமணியாகச் சிவந்திருந்தது. காஸ் பட்டதும் துளிர்த்த ரத்தத்தைப் பார்த்து அம்மா பதறினார். அது புது ரத்தக்குழாய் வந்திருப்பதற்கு அடையாளம் என்றீர்கள். நாலு வாரத்தில் பாதியாவது சுருங்கினால்தான் மேற்கொண்டு நம்பிக்கை என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். ஸ்கேலை வைக்கும்போது நான் மூச்சே விடவில்லை. பாதிக்கும் கீழே வந்திருந்தது. பதினோராவது வாரம் மூடிக்கொண்டது.

கடைசியாகப் பெரியவரே, உங்களுக்கு.

முதல் நாள் நீங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும், உங்கள் கைவிரல்களைப் பார்த்துவிட்டு எங்கள் அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். நீங்கள் அதைக் கவனித்தீர்கள், கவனிக்காத மாதிரி இருந்தீர்கள். சின்ன வயசில் தொழுநோய் வந்து மருந்து சாப்பிட்டுக் குணமானவர் என்றும், மரத்துப்போனது மட்டும் திரும்பவில்லை என்றும் மூன்றாவது வாரம் நீங்களே சொன்னீர்கள். அம்மா அதற்குப் பிறகு உங்களுக்கும் சேர்த்து இட்லி கட்டிக்கொண்டு வந்தார். அது மன்னிப்புக் கேட்ட விதம், அவருக்கு வேறு விதம் தெரியாது.

பிராண்ட் டாக்டர் கதையை எங்களுக்குச் சொன்னது நீங்கள்தான். பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வேலைக்கு வந்தார். தொழுநோய்க்காரர்களின் சதை தானாக அழுகும் என்று ஊரே, டாக்டர்களே நம்பிய காலம். வலி தெரியாததால் அடிபட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப மிதிக்கிறார்கள், அதனால்தான் புண் ஆறவில்லை, பாரத்தை எடுத்தால் மற்றவர்களுக்கு ஆறுகிற மாதிரியே இவர்களுக்கும் ஆறும் என்று காட்டியவர் அவர். 1966இல் அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரைக்காரர்களின் காலும் இதே கால்தான் என்று கண்டு, இதே மாவுக்கட்டை அவர்களுக்கும் போட ஆரம்பித்தார். வேலூரில் உங்களைப் போன்றவர்களின் பாதங்களைப் பார்த்துப் பார்த்துத் தேறிய பாடம் கடல் தாண்டிப் போய், சுற்றிக்கொண்டு, எங்கள் அப்பாவின் காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பாதங்களுக்கு உரியவர்கள் பெயர் எங்கும் இல்லை. அவர்களுக்கான நன்றியையும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி அப்பா தினமும் ராத்திரி முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் காலைத் தூக்கிப் பிடித்து உள்ளங்காலைப் பார்க்கிறார். ஆறிய தழும்பு பழைய தோலின் பலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போகாது, ஆறியவர்களில் 100க்கு 40 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் மறுபடி வரும் என்று டாக்டர் அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பியிருக்கிறார். கிரிவலம் இனி டிவியில்தான்.

எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர் செருப்பு போட்டிருக்கிறார். வாங்கிய அன்றே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "பதினஞ்சு இருவது ஷோர் இருக்கும், நல்ல மெத்து. ஆனா ஸ்டிராப் தச்சது சரியில்ல" என்று பிரித்துத் தானே மறுபடி தைத்தார். (ஷோர் என்பது ரப்பர் எவ்வளவு கெட்டி என்று அளக்கிற கணக்கு.)

உங்கள் செருப்பையும் அவர் பார்த்து வைத்திருக்கிறார், பெரியவரே. வலது குதிகால் வெளிப்பக்கம் ஒரேயடியாகத் தேய்ந்திருக்கிறதாம், ரப்பர் செத்துவிட்டதாம். ஷீட் வாங்கி வந்து ஒரு ஜோடி வெட்டித் தைத்துவிட்டார், எட்டாம் நம்பர். உங்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனோம், போன மாதம் இரண்டு செவ்வாய் வந்தும் உங்களைக் காணோம். பேரன் போனில் எல்லாம் படித்துக் காட்டுவான் என்று சொன்னீர்களே, அதை நம்பித்தான் இங்கே எழுதுகிறேன். செருப்பை மாவுக்கட்டு அண்ணனிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். போட்டுப் பார்த்துவிட்டு, முன்பக்கம் இறுக்கமாக இருந்தால் சொல்லி அனுப்பச் சொன்னார் அப்பா.